மெல்பேர்ன் வழியாக

கருவாடு பிடிக்காதவள் அல்ல நான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளுக்காகக் காத்திருந்து வளர்ந்தவள். பிறகு பேராதனையில் ஆஸ்பத்திரி வார்டில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சீழ், மலம், வாந்தி, புழு வைத்த கால் என்று எல்லாவற்றையும் இந்தக் கைகளால் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு முந்திய வாரம், அம்பிட்டியவில் எங்கள் வீட்டு ஹோலில் நின்ற நாற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

பயணம் எங்கள் ஒரே மகளைப் பார்க்க. அவள் ஒரு உல்லாசக் கப்பலில் வேலை செய்தாள். கண்டியில் ஹோட்டல் படிப்பு படித்து முடித்தவுடன் கிடைத்த வேலை. பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கி, மெத்தை விரித்து, துவாய் மாற்றி வைக்க வேண்டும். நல்ல சம்பளம், நல்ல உடுப்பு, உலகமெல்லாம் கடல். அவள் சந்தோஷமாக வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"கண்டவன் படுத்து எழும்புற மெத்தைய விரிக்கவா ஒன்னயப் படிக்க வச்சேன்? போறதுன்னா போ. திரும்ப இந்த வீட்டுப் படி ஏறாத."

அவர் தோட்டத்துக் கந்தோரில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருந்தவர். லயத்திலிருந்து படித்து மேலே வந்தவர். மேலே வந்ததைக் கொஞ்சநேரம் இறக்கி வைக்கவும் தெரியாதவர். நானும் வேலைக்காலம் முழுக்கக் கண்டவர் படுத்த கட்டிலைத்தான் விரித்தேன். ஆனால் என் உடுப்பு வெள்ளை, படுத்தவர்கள் நோயாளிகள். அதனால் அது கௌரவமாம். எங்கள் கல்யாணத்தின்போது "பொண்ணு நர்ஸ்" என்று அவர் வீட்டார் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மகள் வந்து சொன்ன அன்றைக்கு இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

மகள் போய்விட்டாள். எனக்குப் போன் எடுப்பாள். அவள் குரல் கேட்டதும் இவர் எழுந்து வெளியே போய்க் காரணமில்லாமல் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். விடுமுறைக்குக்கூட அவள் ஊருக்கு வரவில்லை. கூட வேலை செய்யும் யாரோ ஒருத்தியின் வீட்டில் தங்கினாள். இப்படியே சில வருடங்கள் போயின.

பிறகு ஒருநாள் அவள் சொன்னாள். ஒப்பந்தம் முடியப் போகிறது. முடிவதற்கு முன் ஒரு பயணத்தில், பசிபிக் தீவுகளுக்குள்ளே சுற்றுகிற பயணத்தில், வேலையாட்கள் தங்கள் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகலாமாம். பிஜித் தீவில் கப்பல் ஏற வேண்டும்.

"நீங்க மட்டும் வந்தாப் பத்தாதும்மா. அப்பாவும் வரணும். நான் செய்யிற வேலைய அவரு ஒரே ஒரு தடவ நேர்ல பார்க்கட்டும். பார்த்தா நான் உங்ககூடவே வீட்டுக்கு வந்துர்றேன். இல்லாட்டி அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவேன்."

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். சில நாட்கள் கழித்து அவர் ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி, "எந்த மாசம்னு கேளு" என்றார். நான் குசினிக்குள் போய் அடுப்பு முன்னால் நின்று அழுதேன். இனி என் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றே நம்பினேன்.

விமானத்தைப் பற்றி மகள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கப்பல் யாருக்காகவும் நிக்காதும்மா. ஒரு நாள் முன்னாடியே வந்து எறங்குற மாதிரி எடுங்க. மாறி மாறி ஏறுற பிளைட் வேணாம்." இதில் விளங்காதது என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் பயணம் போவதென்றால் அது அவர் பயணம் அல்ல. ஊர்ப் பயணம்.

என் வீட்டுக்காரரின் அண்ணனை வீட்டில் எல்லோருமே பெரியப்பா என்றுதான் சொல்வோம். மெல்பேர்னில் இருக்கும் மகனைப் பார்க்க அவர் ஒரு தடவை விமானம் ஏறிப் போய்வந்தவர். அன்றிலிருந்து ஆகாயம் முழுக்க அவருக்குச் சொந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலைமையில் எங்கள் ஹோலில் கூட்டம் கூடியது. வடை தின்ற எண்ணெய்க் கையால் கம்பியூட்டரைத் தடவித் தடவி, எந்தக் கம்பெனி விமானத்தில் என்ன இருக்கிறது என்று விளக்கினார். எதில் விஸ்கி கேட்கக் கேட்கக் கொடுப்பார்கள், எதில் சோறு, எதில் வெண்ணெய் பூசிய பாண் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் ஓரகத்தி, அதாவது பெரியப்பாவின் மனைவி, விமானக் கக்கூசைப் பற்றி ஒரு நீண்ட கதை சொன்னார். அதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டது கிலோ. எந்த விமானத்தில் எத்தனை கிலோ கொண்டுபோக விடுவார்கள் என்பதுதான் விஷயம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்கு, அந்தப் பக்கம் போகிறவர் கையில் பார்சல் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். கொடுக்காவிட்டால் குறை. வாங்க மறுத்தால் அதைவிடப் பெரிய குறை. கல்யாணம், கருமாதி வரைக்கும் அது தொடரும்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று சிங்கப்பூர் போய், அங்கிருந்து நேரே பிஜி. கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் சாமான் கொஞ்சம்தான் கொண்டுபோகலாம். மற்றது மெல்பேர்ன் வழி. சாயங்காலம் மெல்பேர்னில் இறங்கி, வெளியே வந்து, காத்திருக்கும் பெரியப்பா மகனிடம் பார்சல்களைக் கொடுத்துவிட்டு, அன்று இரவே வேறு விமானம் ஏறி, கப்பல் புறப்படுகிற நாளன்று காலையில் போய்ச் சேர வேண்டும். கிலோ தாராளம்.

"மெல்பேர்ன் வழிதான் பெஸ்ட்" என்றார் பெரியப்பா. "விசாவுக்கு மகன் கடிதம் அனுப்புவான். கப்பலு எப்படியும் பின்னேரந்தானே போகும்? காலையில போய் எறங்குனா என்ன, குடி முழுகிப் போகுமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். எனக்கு அந்த ஹோலே அருவருப்பாக இருந்தது. வடையைத் தின்றுகொண்டு, என் பிள்ளை வீடு திரும்புவதா இல்லையா என்பதைக் கிலோக் கணக்கில் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் பூட்டன்மாரைத் தேயிலைக்கும் கோப்பிக்கும் கூலியாகக் கப்பலில் ஏற்றியவன் எந்த வழி உனக்கு நல்லது என்று அவர்களைக் கேட்கவில்லை. அவன் வெள்ளைக்காரன். இவர்கள் சொந்தக்காரர்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கண்டி டவுனுக்குப் போனேன். ஒரு டிக்கட் கடைக்குள் நுழைந்து இரண்டு பேருக்கும் சிங்கப்பூர் வழி போட்டுத் தரச் சொன்னேன். அங்கிருந்த முஸ்லிம் தம்பி, "சாமான் கொறையத்தான் ஏத்தலாம் அன்டி, பொறகு ஏசப்படாது" என்றான். "கொண்டுபோக ஒரு சாமானும் இல்ல தம்பி" என்றேன். அந்த வசனத்தைச் சொல்லும்போது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் "சரி, ஒன் இஷ்டம்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. பயணத்துக்கு முந்திய வாரம் பார்சல்கள் வரத் தொடங்கின. முதலில் பெரியப்பா வீட்டிலிருந்து கருவாடு. பிறகு யார் யாரோ மாசிமீன், கொறுக்காய்ப்புளி, மிளகாய்த்தூள், கித்துள் கருப்பட்டி, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை என்று கொண்டுவந்தார்கள். ஓரகத்தி மெல்பேர்ன் மருமகளுக்கென்று முருங்கை விதை கொடுத்தார். ஒரு வீட்டார் அம்மிக் குழவி கொண்டுவந்தார்கள். கல்லை. விமானத்தில் ஏற்ற. கருவாட்டுப் பொதி ஒன்று உடைந்து எண்ணெய் தரையில் வடிந்தது. எறும்பு வரிசை கட்டியது. பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையை நக்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் என் வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொதியாகப் பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றி அடுக்கினார்.

"ஏங்க, இதெல்லாம் யாரு கொண்டுபோறது? நம்ம டிக்கட்டுல இவ்வளவையும் ஏத்த மாட்டாங்களே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "என் டிக்கட்ட மாத்திட்டேன். நான் மெல்பேர்ன் வழியா வாறேன். அண்ணன்தான் கூட்டிட்டுப் போய் மாத்திக் குடுத்தாரு. நீ முன்னாடி போ. நான் மறுநாள் காலையிலயே வந்துருவேன்ல."

"கப்பல விட்டுட்டா?"

"விட மாட்டேன். அண்ணன் கேக்குறப்போ எப்படி முடியாதுன்னு சொல்றது? ஊருக்குப் பதில் சொல்லணும்ல."

மகளுக்கு என்ன பதில் என்று நான் கேட்டேன். அவர் கருவாட்டை இன்னொரு பேப்பரில் சுற்றினார். எத்தனையோ ஆண்களைக் கட்டிலில் கிடத்தித் துடைத்தவள் நான். எந்த ஆணையும் பார்த்து அப்படி அருவருத்ததில்லை.

இரண்டு பேரும் ஒரே வேனில்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். பின்னால் அடுக்கியிருந்த பெட்டிகளிலிருந்து கடுகண்ணாவ மலைப்பாதையின் வளைவுக்கு வளைவு அந்த நாற்றம் முன்னால் வந்தது. சாரதி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் ஓட்டினார். விமான நிலையத்தில் புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு வரிசையில் நின்றோம். அவர் தள்ளுவண்டியில் மலைபோல் பெட்டிகள். தூரத்திலிருந்து கை காட்டினார். நான் தனியாக விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

சிங்கப்பூரில் இறங்கி, பல் துலக்குவதற்காக விமான நிலையக் கக்கூசுக்குள் போய்க் கைப்பையைத் திறந்தேன். அதே நாற்றம். அடியில், என் மாற்றுச் சேலைக்குக் கீழே, சொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டு ஒரு கருவாட்டுப் பொதி இருந்தது. அவருடைய பெட்டியில் இடம் போதாமல் எனக்குத் தெரியாமல் செருகியிருக்கிறார். மகளுக்காக இருக்குமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். திருப்பிப் பார்த்தால் பெரியப்பா பேரப்பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. பளபளவென்று இருந்த அந்தக் கக்கூஸ் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டேன். கையைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். சேலையில் ஏறிய நாற்றம் பிஜி வரைக்கும் கூடவே வந்தது. பக்கத்து ஆசனத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

மகள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை எடுத்து வைத்திருந்தாள். கப்பல் உடுப்போடு, தலையை இறுக்கி வாரிக் கட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு, என் தோளுக்கு மேலால் பின்னால் பார்த்தாள்.

"அப்பா நாளைக்குக் காலையில வாறாரும்மா. மெல்பேர்ன் வழியா" என்றேன்.

அவள் முகம் ஒரு கணம் மாறியது. எங்கள் குடும்பத்துப் பிள்ளைதானே, ஏன் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. "பார்சலா?" என்றாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் அந்த விமானம் வந்தது. அவர் வரவில்லை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், கப்பலின் ஏணிப்படிக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தபோது மகளின் போன் அடித்தது. அவள் எடுத்து, "அப்பா?" என்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவளுடைய அப்பா அவளிடம் பேசிய முதல் வார்த்தை எனக்கும் கேட்டது.

"அம்மாகிட்ட குடு."

அவள் கொடுத்தாள். அவர் மூச்சு வாங்கச் சொன்னார். மெல்பேர்ன் சுங்கத்தில் ஒன்றும் கொண்டுவரவில்லை என்றே சொல்லும்படி பெரியப்பா சொல்லிக் கொடுத்திருந்தாராம். அப்படியே சொல்லியிருக்கிறார். நாய் வந்து பெட்டியை மோந்திருக்கிறது. எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். விதை, இலை, கருவாடு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து விசாரணை. இவருடைய வயதைப் பார்த்து ஒரு அதிகாரி, சாமானையெல்லாம் விட்டுவிட்டுப் போங்கள், உங்கள் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். இவர் விடவில்லை. ஒவ்வொரு பொதிக்காகவும் நின்று வாதாடியிருக்கிறார். விமானம் போய்விட்டது.

"எப்படி விட்டுட்டு வாறது? அண்ணனுக்கு என்ன சொல்றது?" என்றார் என்னிடம்.

பக்கத்தில் நின்ற மகளுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். அவசரமாக என் கையைப் பிடித்தாள். "அம்மா, பரவால்லன்னு சொல்லுங்க. கப்பல் அடுத்த தீவுல நிக்கும். அங்கயும் பிளைட் போகுது. அங்க வந்து ஏறச் சொல்லுங்க. நான் கப்பல்ல கேட்டு எல்லாம் சரி பண்ணுறேன்." அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

நான் அதைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஆட்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "இல்ல... அண்ணன் மகன் நம்ம ஆளுகள எல்லாம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டான். மிஞ்சுன சாமானையும் பிரிச்சுக் குடுக்கணும். கால் வேற வீங்கியிருக்கு. நீ அவளோட இருந்துட்டு வா. நான் இங்கருந்தே வீட்டுக்குப் போறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணனுக்குப் பயம் என்பது பாதிதான். மகள் முன்னால் வந்து நின்று, அவள் மெத்தை விரிப்பதைப் பார்க்க அவரால் முடியவில்லை. முடியாது என்று சொல்லவும் தைரியமில்லை. ஊரார் கருவாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வாந்தி வருவதுபோல் இருந்தது. கடலில் அலைகூட இல்லை.

கப்பலைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் நீலக் கடலையும் வெள்ளை மணலையும் எதிர்பார்க்கிறார்கள். எல்லாம் இருந்தது. எனக்கு நினைவிருப்பது அந்த அறை. எங்கள் அறை வேலையைத் தானே பார்க்க வேண்டும் என்று மகள் கூட வேலை செய்பவளிடம் கேட்டு மாற்றி வாங்கியிருந்தாள். இரண்டு கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவருக்கு. அதன்மேல் துவாயை மடித்து ஒரு யானை செய்து வைத்திருந்தாள். தும்பிக்கையெல்லாம் சரியாக வந்திருந்தது.

ஒவ்வொரு காலையிலும் வருவாள். முதலில் என் கட்டிலை விரிப்பாள். நான் தாதி, கட்டில் விரிக்கத் தெரிந்த ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும். மூலையை மடிக்கும் விதம், கையால் ஒரே இழுப்பில் சுருக்கம் எடுக்கும் விதம் எல்லாம் அவ்வளவு சுத்தம். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போவாள். யாரும் படுக்காத கட்டில். யானையை எடுத்து வைத்துவிட்டு, விரிப்பை முழுதாக உருவி, புதிதாகப் போட்டு, நான்கு மூலையும் மடித்து, தலையணையைத் தட்டி, யானையைத் திரும்ப வைப்பாள்.

"ஏன்டி இதப் போட்டு விரிக்கிற? யாரும் படுக்கலயே" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் வேலைம்மா" என்றாள்.

பயணம் முடிவதற்கு முன்பே அவள் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு தடுப்பது?

அம்பிட்டிய வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது அவர் ஹோலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தரையைக் கழுவியிருந்தார். ஆனாலும் மூலையில் அந்த நாற்றம் இன்னும் இருந்தது. எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கப்பல் பெரிசா, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டார். அந்த அதிகாரியிடம் வாதாடி மாசியையும் கருப்பட்டியையும் எப்படிக் காப்பாற்றினார் என்று ஒருமுறை சொன்னார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தேன். கடைசியில், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அவ என்னயக் கேட்டாளா?"

"கேக்கல" என்றேன். "தெனமும் ஒங்க மெத்தைய விரிச்சா."

அவர் வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. யாருடைய போன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றார்.